கல்லூரிக்கு வந்த விமானம்

1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் பத்திரிகையாளர் முன்னிலையில் ஓர் அறிவித்தலை விடுத்தார். ஆண்டுதோறும் இருபதினாயிரம் கல்லூரி மாணவர்களுக்கு, சமஷ்டி அரசாங்கத்தின் செலவில், விமானம் ஓட்டக் கற்பிக்கப்படும் என்பதே அவ்வறிவித்தலின் சாரம். கேட்டோர் பலர் வியந்தனர், சிலர் ஐயுற்றனர். அந்நாளிலே விமானம் ஓட்டக் கற்பதென்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், படையிலே சேர்ந்தோருக்கும், உயிரைப் பணயம் வைத்துக் காட்சிப் பறப்பு நடத்திய சில துணிகரக்காரருக்கும் உரிய வித்தையாக இருந்தது. கமக்காரன் மகனும் கடைக்காரன் மகனும் அதனைக் கற்க வேண்டும், அதற்கு வரிப்பணம் செலவாக வேண்டும் என்பது புதிய எண்ணம்.

இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று தேடினால் ஐரோப்பாவையே முதலிற் காட்ட வேண்டும். முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்ற ஜேர்மனி, வேர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி விமானப்படை வைத்திருக்க முடியாதிருந்தது. ஆயினும் எந்திரமில்லாச் சறுக்கு விமானங்களிலே இளைஞரைப் பழக்குவதை எந்த உடன்படிக்கையும் தடுக்கவில்லை. அவ்வாறு மலைச்சரிவுகளிலே விளையாட்டாகப் பழகியவர்களுட் பலர் பின்னாளில் இட்லரின் விமானப்படைக்கு விமானவோட்டிகளாயினர். இதனை வாஷிங்ரனில் இருந்தவர்கள் கவலையோடு பார்த்துக் கொண்டிருந்தனர்.

அமெரிக்காவிலோ வேறொரு கவலையும் இருந்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தினால் சிற்றூர்களின் ஓரத்திலிருந்த புல்வெளிப் பறப்புத்தளங்கள் பல தூர்ந்து போகும் நிலையில் இருந்தன. இரண்டொரு பழைய விமானங்களை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளிற் சனங்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டி வயிறு வளர்த்த சிறு முதலாளிகள், எண்ணெய்க்கும் காசின்றித் தவித்தனர். சிவில் விமான அதிகாரசபையில் உறுப்பினராகி, 1939இல் அதன் தலைவருமான யூட்டா மாநிலத்து றொபேட் ஹிங்க்லி என்பார் இவ்விரு கவலைகளையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கினார். கல்லூரியிலே மாணவர் இருக்கின்றனர். கல்லூரிக்கு அருகே பறப்புத்தளம் சும்மா கிடக்கின்றது. அரசாங்கம் இரண்டையும் பணத்தாற் பிணைத்துவிட்டாற் போதும், புதிதாக ஒரு பெரிய நிறுவனம் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தின் தந்தை என்று ஹிங்க்லியையே கூறுவர், அது பொருந்தும்.

1939ஆம் ஆண்டின் முற்பகுதியிலே பரீட்சார்த்தமாக வேலை தொடங்கிற்று. வேலையற்ற இளைஞருக்கு உதவவென 1935இல் அமைக்கப்பட்ட தேசிய இளைஞர் நிருவாகத்தின் நிதியிலிருந்து ஓர் இலட்சம் டொலர் எடுக்கப்பட்டது. பதின்மூன்று கல்லூரிகளும் 330 மாணவரும் தெரிவு செய்யப்பட்டனர். அப்பதின்மூன்றினுள்ளே பேர்டியூ, மிச்சிகன், மினசோட்டா முதலிய பெரிய பல்கலைக்கழகங்களும் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் இருந்தன. அவற்றோடு ஒரே வரிசையில், கலிபோர்ணியாவின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த பொமோனா என்னும் ஊரின் கனிட்ட கல்லூரியும் இடம்பெற்றது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இவ்வரலாற்றிலே கவனித்தற்குரிய செய்தி இதுவேயாம்.

கனிட்ட கல்லூரி என்பது யாது? உயர்தரப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்டதாய், ஊரவரின் வரிப்பணத்திலே நடப்பதாய், வீட்டிலிருந்தே போய்ப் படிக்கத்தக்கதாய் அமைந்த ஈராண்டுக் கல்லூரி. இலினோய் மாநிலத்தின் ஜோலியெற் நகரிலே 1901இல் தொடங்கியதே இவ்வகையான பொதுக் கல்லூரிகளில் முதலாவது. பல்கலைக்கழகம் போக வசதியில்லாதவர்கள் அங்கே கணக்கியலும் தட்டெழுத்தும் பொறித்தொழிலும் பயின்றனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1947இல் சனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணைக்குழு இத்தகைய கல்லூரிகளைப் பெருக்கும்படி விதந்துரைத்தபோது, ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் நிலைபெறலாயிற்று. அந்தப் பெயர் பரவுவதற்கு முன்பே, விமானக் கல்வி அவற்றின் வாயிலுக்கு வந்துவிட்டது.

பரீட்சார்த்தம் நடந்து கொண்டிருக்கையிற் சட்டமூலம் கொங்கிரசுக்குப் போயிற்று. எதிர்ப்பு இரு திசையிலிருந்து எழுந்தது. கல்லூரிக்குள்ளே போரைக் கொண்டுவருகின்றார்கள் என்றனர் ஒரு சாரார். றூஸ்வெல்ற்றின் தாராளச் செலவுகளில் இதுவும் ஒன்று என்றனர் மறுசாரார். படைத்துறையினர்கூட உற்சாகங் காட்டவில்லை. கல்லூரி மாணவரை அரைகுறையாகப் பழக்குவதால் என்ன பயன் என்பது அவர்கள் எண்ணம். ஈற்றில் 1939 யூன் 27இல் சட்டம் கையொப்பமாயிற்று. 56 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் வரை செலவிட அது இடமளித்தது. ஆயினும் முதலாண்டுக்கு உண்மையிற் கிடைத்தது 40 இலட்சம் டொலரே. கல்லூரியிற் பயிலாத இளைஞருக்கும் நூற்றுக்கு ஐந்து இடமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் விதித்தது.

அச்சட்டத்திலே மற்றொரு வாசகமும் இருந்தது. இனம், சமயம், நிறம் காரணமாக எவருக்கும் இப்பயிற்சியின் பயன் மறுக்கப்படலாகாது என்பது அது. இலினோய் மாநிலத்துப் பிரதிநிதி எவரெற் டேர்க்சன் அதனைச் சேர்ப்பித்தார். அக்காலத்து அமெரிக்காவிலே, தென்மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பாடசாலை வேறு, புகைவண்டிப் பெட்டி வேறு, தண்ணீர்க் குழாய் வேறு. விமானப்படையிலே கறுப்பின விமானவோட்டி ஒருவர்தாமும் இல்லை. இந்நிலையில் ஒரு நிதிச் சட்டத்தினுள் இத்தகைய வாசகம் புகுந்தது எளிதாக நிகழ்ந்ததன்று.

1939 மே மாதத்திலே சிக்காகோவிலிருந்து சோன்சி ஸ்பென்சர், டேல் வைற் என்னும் கறுப்பின இளைஞர் இருவர், வாடகைக்கெடுத்த பழைய ஈரிறக்கை விமானமொன்றில் வாஷிங்ரன் நோக்கிப் புறப்பட்டனர். தம்மவரும் பறக்க வல்லர் என்று சட்டமியற்றுவோருக்குக் காட்டுவதே அவர் நோக்கம். வழியிலே ஒகாயோ மாநிலத்தில் எந்திரம் பழுதுற்று, வயலொன்றில் இறங்க நேர்ந்தது. அதைத் திருத்திக்கொண்டு ஒருவாறு தலைநகரை அடைந்தனர். அங்கே மிசூரி மாநிலத்துச் செனற்றர் ஒருவரைச் சந்தித்தனர். அவர் பறப்புத்தளத்துக்கே வந்து அந்த விமானத்தைப் பார்த்தார். இத்தகைய பழைய விமானத்திலே இவ்வளவு தூரம் வந்தவர்களின் துணிவு அவர் மனத்திற் பதிந்தது. அந்தச் செனற்றரின் பெயர் ஹரி ட்ரூமன். சட்ட வாசகத்துக்கு அப்பயணம் ஒன்றே காரணமென்று கூறுவது மிகை. சிக்காகோவிலே வில்லா பிறவுண் என்னும் பெண் விமானவோட்டியும் அவருடைய தோழர்களும் சங்கம் அமைத்து மனுக்கள் எழுதி வந்தனர். கறுப்பினத்தவரின் பத்திரிகைகளும் இடையறாது முழங்கின. எல்லாம் சேர்ந்தே அவ்வாசகம் பிறந்தது.

இனி, திட்டம் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். கல்லூரியின் பொறுப்பு வகுப்பறைப் பாடம். காலநிலை, வழியறிதல், பறப்பின் தத்துவம், எந்திரம், கருவிகள், ஆகாயப் போக்குவரத்து விதிகள் ஆகியவற்றுக்கென 72 மணிநேரம் ஒதுக்கப்பட்டது. பறத்தலைக் கற்பிக்கும் பொறுப்பு அருகிலுள்ள பறப்புத்தளக்காரருடையது. ஒரு மாணவனுக்கு 35 மணிநேரம் முதல் 50 மணிநேரம் வரை அவர் பறக்கப் பழக்க வேண்டும். இருவருக்கும் மாணவர் தொகைக்கேற்ப அரசாங்கம் பணங் கொடுத்தது. மாணவன் செலுத்தியது வைத்தியப் பரிசோதனைக்கும் காப்புறுதிக்கும் வேண்டிய சிறுதொகையே. அது 40 டொலருக்கு மேற்படவில்லை. ஈற்றில் அரசாங்கப் பரிசோதகர் வந்து, மாணவனோடு பறந்து பார்த்து அனுமதிப்பத்திரம் வழங்குவார். அரசாங்கப் பணம் வரும்போது படிவங்களும் பரிசோதகரும் உடன் வருவர் என்பது எந்த நாட்டுக் கல்லூரி அதிபருக்கும் தெரிந்த செய்திதானே! ஆயினும் இங்கே அந்தக் கண்டிப்பு நன்மையே செய்தது. அதுவரை ஆசிரியருக்கு ஒரு முறையாக இருந்த பறப்புப் பாடம், நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்தின்கீழ் வந்தது.

பழகிய விமானம் பெரும்பாலும் மஞ்சள் வர்ணம் பூசிய ‘பைப்பர் கப்’ என்னும் சிறு விமானம். முன்னொருவர் பின்னொருவராக இருவர் அமரலாம். எந்திரத்தைத் தொடக்கப் பொறியில்லை. ஒருவர் முன்னே நின்று சுழல்விசிறியைக் கையாற் சுழற்றிவிட வேண்டும். வானொலிக் கருவியும் இல்லை. ஆசிரியரோடு சுமார் எட்டு மணிநேரம் பறந்தபின், ஒரு நாள் அவர் திடீரென இறங்கிக்கொண்டு, “நீயே போய் வா” என்பார். முன்னாசனம் வெறுமையாக, பின்னாசனத்திலிருந்து தனியே எழும்பும் அந்தக் கணத்தைப் பழகிய எவரும் மறந்ததில்லை. ஒகாயோவின் மஸ்கிங்கம் கல்லூரியிலே இரசாயனம் பயின்ற ஜோன் கிளென் என்னும் மாணவன் 1941இல் இத்திட்டத்தின் மூலமே அனுமதிப்பத்திரம் பெற்றான். இருபத்தோராண்டின் பின், 1962இல், பூமியை வலம்வந்த முதல் அமெரிக்கர் அவரே.

கறுப்பின மாணவருக்கான கல்லூரிகளில் ஆறு இத்திட்டத்திற் சேர்ந்தன. மேற்கு வேர்ஜினியா அரச கல்லூரிக்கு 1939இலேயே அனுமதி கிடைத்தது. ஹவட், ஹம்ப்ரன், டெலவெயர், வட கரோலினா, டஸ்கீகி என்பன ஏனையவை. சட்டம் பேதங் கூடாதென்றது. நடைமுறையோ வேறு கல்லூரி, வேறு வகுப்பு என்றே இருந்தது. ஆயினும் பூட்டிய கதவு ஒரு விரற்கிடை திறந்துவிட்டது.

அலபாமாவின் டஸ்கீகியிலே தொடக்கத்திற் பறப்புத்தளமே கிடையாது. மாணவர் சுமார் நாற்பது மைல் தூரத்திலுள்ள மொன்ற்கொமறி நகருக்குப் போய்ப் பறந்தனர். 1940இல் சார்ள்ஸ் அல்பிரட் அண்டர்சன் அங்கே தலைமைப் பயிற்றுநராக வந்தார். கற்பிப்பார் இன்றித் தாமே விமானம் வாங்கி, பெரும்பாலும் தாமே பழகி, 1932இல் போக்குவரத்து விமானவோட்டிக்குரிய அனுமதிப்பத்திரம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். 1941 மார்ச்சு 29ஆம் திகதி சனாதிபதியின் மனைவியார் எலினோர் றூஸ்வெல்ற் டஸ்கீகிக்கு வந்தார். கறுப்பினத்தவரால் விமானம் ஓட்ட முடியாதென்று கூறப்படும் செய்தி அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. பாதுகாவலர் தடுக்கவும் கேளாமல் அண்டர்சனின் சிறு விமானத்தில் ஏறி, அப்பிரதேசத்தின் மேலே பறந்து திரும்பினார். அப்போது எடுத்த புகைப்படம் பத்திரிகைகளில் வெளிவந்து, பல வாதங்கள் செய்ய முடியாததைச் செய்தது. அவர் உறுப்பினராயிருந்த றோசன்வால்ட் நிதியம் 175,000 டொலர் கடன் வழங்க, டஸ்கீகியிற் புதிய பறப்புத்தளம் அமைந்தது.

அதே 1941ஆம் ஆண்டு சனவரியில், ஹவட் பல்கலைக்கழகத்தில் இப்பயிற்சி பெற்ற யான்சி வில்லியம்ஸ் என்னும் மாணவர், தகுதியிருந்தும் விமானப்படை தம்மை ஏற்க மறுப்பதாக யுத்தத் திணைக்களத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அம்மாதத்திலேயே கறுப்பினத்தவருக்கான தனிப் படைப்பிரிவொன்று அமைக்கப்படும் என்ற அறிவித்தல் வெளிவந்தது. பொதுப்பணத்திற் பெற்ற அனுமதிப்பத்திரம் கையில் இல்லாதிருந்தால், அவர் எதைக் காட்டி வழக்காடியிருப்பார்? டஸ்கீகியில் 1946 வரை 992 பேர் படை விமானவோட்டிகளாகத் தேறினர். அன்று பழைய விமானத்தைப் பார்க்க வந்த செனற்றர் ட்ரூமன், சனாதிபதியாகி, 1948 யூலை 26இல் ஆயுதப்படைகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் கட்டளையிற் கையொப்பமிட்டார்.

பெண்களின் கதை வேறு வழியிற் சென்றது. தொடக்கத்திற் பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. அவ்வாறு சுமார் 2500 பெண்கள் பழகினர். ஆனால் 1940 யூன் மாதத்திற் பிரான்சு வீழ்ந்தபின் திட்டத்தின் முகம் மாறிற்று. ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் விமானங்கள் வேண்டுமென்று றூஸ்வெல்ற் அதற்கு முந்திய மாதமே கேட்டிருந்தார். ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே! கல்லூரிகளின் தொகை பெருகிற்று, பணமும் பெருகிற்று. பயிற்சி பெறுபவர் பின்னர் படைச்சேவைக்கு மனுச்செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. பெண்கள் படையிலே பறக்க முடியாது. ஆகவே அவர்களுக்குச் செலவழிப்பது வீண் என்ற முடிவு இயல்பாகவே பின்தொடர்ந்தது. 1941 யூனில் அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. கறுப்பின மாணவரைக் காத்த வாசகம் பெண்களைக் காக்கவில்லை. ஏனெனில் அதிலே இனம் இருந்தது, சமயம் இருந்தது, நிறம் இருந்தது, பால் இருக்கவில்லை.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. 1941 டிசம்பர் 7ஆம் திகதி காலை, ஹவாய்த் தீவின் மேலே மாணவனொருவனுக்குப் பறத்தல் பழக்கிக் கொண்டிருந்த கோர்ணிலியா போர்ட் என்னும் இளம்பெண், தம்மை நோக்கி வந்த விமானமொன்றைக் கண்டு சட்டென விலகி மேலெழுந்தார். அதன் இறக்கைகளிலே யப்பானின் செவ்வட்டம் தெரிந்தது. பேர்ல் துறைமுகத்தின்மீது குண்டு விழும்போது வானத்திலிருந்து கண்டவர்களுள் இவ்வாறு ஒரு பெண் பயிற்றுநரும் இருந்தார். பெண்களுக்குப் பழக்கப் பணமில்லை என்ற அதே அரசாங்கம், மறு ஆண்டிலேயே விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லப் பெண் விமானவோட்டிகளைத் தேடிற்று. கோர்ணிலியா போர்ட் அதிற் சேர்ந்து, 1943 மார்ச்சு மாதத்தில் ரெக்சாசில் நேர்ந்த விபத்தில் உயிர்நீத்தார். அவ்வாறு பணிபுரிந்து மாண்ட பெண்கள் முப்பத்தெண்மர். முன்னாட் படைவீரர் என்னும் உரிமை அவர்களுடைய தோழியருக்கு 1977 வரை கிடைக்கவில்லை.

அமெரிக்கா போரில் இறங்கியபின் திட்டம் ‘போர்ப் பயிற்சிச் சேவை’ என்று பெயர் மாறி முழுவதும் படைக்கே உரியதாயிற்று. 1944இன் நடுப்பகுதியில் அது நின்றபோது, 1132 கல்வி நிலையங்களும் 1460 பறப்புப் பாடசாலைகளும் அதிற் பங்குகொண்டிருந்தன. பயிற்சி பெற்றோர் 435,165 பேர். கல்லூரிக்குள்ளே போர் புகும் என்று 1939இல் எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போர், திட்டம் இல்லாதிருந்தாலும் வந்தேயிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பணத்தின் ஊற்று அத்தோடு வற்றவில்லை. போரிலிருந்து திரும்பியோருக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுடைய கல்விச் செலவை ஏற்றது. பறத்தலும் கல்வியாகக் கொள்ளப்பட்டமையால் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் சிறு விமானங்களில் ஏறினர். தொழிலுக்கன்றிப் பொழுதுபோக்குக்காகப் பறப்போரும் இதிற் புகுந்தனர் என்று முறைப்பாடு எழ, 1948இற் கொங்கிரஸ் கட்டுப்பாடு விதித்தது. 2008இல் இயற்றப்பட்ட புதிய படைவீரர் கல்விச் சட்டத்தின் கீழும் அதே வழக்கு மறுபடி வந்தது. பொதுக் கல்லூரிகளின் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லாதிருந்ததால், சில சமுதாயக் கல்லூரிகள் தனியார் பறப்புப் பாடசாலைகளோடு ஒப்பந்தஞ் செய்து, ஒரு மாணவருக்கென மிகப் பெருந்தொகையை அரசாங்கத்திடம் பெற்றன என்ற கண்டனம் எழுந்தது. கல்லூரி பெயரைக் கொடுக்க, தனியார் பறப்பைக் கொடுக்க, அரசாங்கம் பணத்தைக் கொடுக்கும் இம்முறை 1939இன் முறையே. பரிசோதகரின் கண்டிப்பு மாத்திரம் குறைந்துவிட்டது.

2009இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கருகே ஐம்பது உயிர்களைக் கொண்ட விமான விபத்தின் விளைவாக, 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானவோட்டியாவதற்கும் பொதுவாக 1500 மணிநேரப் பறப்பு வேண்டுமென்று விதிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஈராண்டுக் கல்லூரிப் பாடநெறியை முடித்தவருக்கு அது 1250 மணிநேரமாகக் குறையும். ஆகவே சமுதாயக் கல்லூரியின் விமான வகுப்புக்கு மதிப்பு உயர்ந்தது. வகுப்பறைக்கான கட்டணம் அங்கே குறைவு. அரசாங்க உதவிப்பணமும் அதற்குக் கிடைக்கும். ஆனால் விமானத்தில் ஏறிப் பறக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்குமான செலவு அவ்வுதவியின் அளவைப் பலமடங்கு கடந்து நிற்பதால், படையிற் சேவை செய்யாத ஏழை மாணவர் கடன்படுகின்றனர்; அல்லது வகுப்பறையோடு நின்றுவிடுகின்றனர்.

2018இல் இயற்றப்பட்ட விமானத்துறைச் சட்டமொன்று, விமானவோட்டிகளை உருவாக்கும் கல்விக்கு ஆண்டுக்கு 50 இலட்சம் டொலரும், விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் கல்விக்கு மேலும் 50 இலட்சமும் மானியமாக வழங்க இடமளித்தது. 1939இற் கொங்கிரஸ் கொடுத்த 40 இலட்சத்தை இந்நாளைய விலைவாசிக்கு மாற்றினால் எட்டுக் கோடி டொலருக்கு மேலாகும். அந்தப் பணம் மாணவனை ஆசனத்தில் அமர்த்தி வானத்துக்கு அனுப்பிற்று. 2018இன் விமானவோட்டி மானியமோ பெரும்பாலும் பாடத்திட்டம் வகுத்தற்கும் ஆசிரியரைப் பழக்குதற்குமே உரியது.